சீன ஏடுகளைத் தேடிய சரித்திர வாத்தியார்

கி.பி. 1015-ம் ஆண்டு. சீன தேசத்துச் சக்கரவர்த்தியின் கொலுமண்டபத்தில் தமிழ்நாட்டுத் தூதர்கள் வந்து நின்றார்கள்.

அவர்களை அனுப்பியவன் ராஜராஜ சோழன். ஊரை விட்டுப் புறப்பட்டுச் சீனக்கரை சேர 1,150 நாள் ஆயிற்று. மூன்று வருடத்துக்கு மேல்! முத்தும் யானைத் தந்தமும் சாம்பிராணியும் காணிக்கையாகக் கொண்டு போயிருந்தார்கள்.

அவர்கள் சக்கரவர்த்தியைக் கண்டபோது, அனுப்பிய மன்னன் உயிரோடு இல்லை. தஞ்சையில் மகன் ராஜேந்திரன் ஆண்டு கொண்டிருந்தான். கடலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி எட்டும்?

இந்தக் கதை நமக்கு எப்படித் தெரிந்தது?

தஞ்சைப் பெரிய கோவில் சுவர் முழுவதும் கல்வெட்டு. விளக்கு எரிக்க விட்ட ஆடு எத்தனை, ஆடிய பெண்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்றெல்லாம் கணக்கு உண்டு. சீனப் பயணம் பற்றி ஒரு வரி கிடையாது. அதை எழுதி வைத்தவர்கள் சீனர்கள்!

அந்தச் சீனக் குறிப்புகளையும், அவை போன்ற இன்னும் பலவற்றையும் தேடித் தொகுத்து, நம் நாட்டுச் சரித்திர ஆசிரியர்கள் கையில் ஒரே புத்தகமாகக் கொடுத்தவர் ஒரு தமிழ்நாட்டு வாத்தியார். பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி.

பிறந்த ஊர்

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பெயர் போன ஊர். 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந்தேதி நீலகண்ட சாஸ்திரி அங்கே பிறந்தார்.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து எம்.ஏ. பரீட்சை எழுதினார். மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார்.

அப்படித் தேறியவர்கள் அந்தக் காலத்தில் பெரிய சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவார்கள். இல்லையென்றால் வக்கீல் ஆவார்கள். இவர் 1913-ல் தாம் படித்த இந்துக் கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தார். அப்போது வயது 21.

1918-ல் காசி இந்து சர்வகலாசாலைக்குப் போனார். 1920-ல் சிதம்பரம் மீனாட்சி கல்லூரிக்குத் தலைவராக வந்தார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வளர்ந்தது அந்தக் கல்லூரியிலிருந்துதான்.

திருச்சியில்

1929-ம் ஆண்டு சாஸ்திரி திருச்சிக்கு வந்தார். நேஷனல் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர். திண்டுக்கல் சாலையில் இன்று இருக்கும் அந்தக் கல்லூரியை எடமலைப்பட்டி புதூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருச்சியில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. சாக்கோட்டை கிருஷ்ணசாமி அய்யங்கார் வகித்து வந்த இந்திய சரித்திரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. பாண்டிய ராஜ்ஜியம் பற்றிய அவருடைய புத்தகமும் 1929-ல்தான் வெளிவந்தது.

அந்தக் காலத்துத் திருச்சியில் சரித்திரப் பாடம் நடத்திய ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை நினைத்துப் பாருங்கள்.

சுற்றிலும் சரித்திரம். அண்ணாந்து பார்த்தால் மலைக்கோட்டை. ஒரு பக்கம் பழைய சோழர் தலைநகரம் உறையூர். ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம். ராஜேந்திர சோழன் கப்பல் படை கொண்டு போய்க் கடாரத்தை வென்றான் என்று ஆசிரியர் பாடம் சொல்கிறார். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து நிற்கிறான். சார், அந்தப் பக்கத்து ஆட்கள் நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறான்.

ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

பதில் இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் தொல்லை! யுவான் சுவாங் எழுதிய யாத்திரைக் குறிப்பு 1850-களில் பிரெஞ்சு மொழியிலும், 1884-ல் ஆங்கிலத்திலும் வந்தது. இத்-சிங் என்ற இன்னொரு சீனத் துறவியின் நூலை ஜப்பானிய அறிஞர் தகாகுசு 1896-ல் ஆங்கிலமாக்கினார். 13-ம் நூற்றாண்டில் சௌ ஜூ-குவா என்ற சீனச் சுங்க அதிகாரி கடல் வியாபாரம் பற்றி எழுதிய நூல் 1911-ல் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அச்சிட்ட இடம் ரஷ்யா! கடாரத்தை உள்ளடக்கிய ஸ்ரீவிஜயப் பேரரசு பற்றிய பெரிய கட்டுரை 1918-ல் ஹனாயில் வந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் இருந்தது.

மாதச் சம்பளக்கார வாத்தியார் இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது?

புத்தகம் பிறந்தது

சாஸ்திரி அப்போது சோழர் சரித்திரம் எழுதிக்கொண்டிருந்தார். அதன் முதல் பாகம் 1935-ல் வந்தது. இரண்டாம் பாகம் 1937-ல் வந்தது. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை ஆராய்ந்து எழுதிய அந்த நூலைத் தொடாமல் இன்றைக்கும் சோழர்களைப் பற்றி யாரும் எழுத முடியாது.

கல்வெட்டு மட்டும் அவருக்குப் போதவில்லை. கல்வெட்டில் அரசன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்கிறான். பக்கத்து வீட்டுக்காரனையும் விசாரிக்க வேண்டாமா?

விசாரித்தார். சுமத்ராத் தீவில் பாரூஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருந்தது. தமிழ் வியாபாரிகளின் சங்கமான ஐந்நூற்றுவர் வைத்த கல் அது. அதைப் பற்றி 1932-லேயே, டச்சுக்காரர்கள் பத்தேவியாவில் நடத்திய பத்திரிகையில் எழுதினார். பத்தேவியாதான் இன்றைய ஜகார்த்தா.

1939-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருடைய தொகுப்பு நூலை வெளியிட்டது. தென்னிந்தியாவைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய குறிப்புகள் என்பது அதன் பொருள். கிரேக்க நாட்டு மெகஸ்தனிஸ் முதல் ஆள். மா ஹுவான் என்ற சீனர் கடைசி ஆள். இவர் சீனக் கப்பல் படையோடு கொச்சிக்கும் கள்ளிக்கோட்டைக்கும் வந்தவர்.

இருவருக்கும் நடுவில் எத்தனை கதைகள்!

ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சீன நூல் ஒன்று, ஹுவாங்-சி என்ற தூர தேசத்தைச் சொல்கிறது. அங்கே முத்தும் ரத்தினக் கற்களும் கிடைக்குமாம். வாங் மாங் என்ற சீனப் பிரதானி தன் பெருமையை ஊருக்குக் காட்ட நினைத்தான். அந்த நாட்டு ராஜாவுக்கு ஏராளமாகப் பரிசு அனுப்பினான். பதிலுக்கு ஒரு காண்டாமிருகத்தை உயிரோடு அனுப்பச் சொன்னான்! ஹுவாங்-சி என்பது காஞ்சிதான் என்று பல அறிஞர்கள் கருதினார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது 640-ம் ஆண்டை ஒட்டி. நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பதினாயிரம் பிக்குகள், எண்பது தேவாலயங்கள் என்று கணக்குச் சொல்கிறார். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற நினைத்தார். இலங்கையில் ராஜா இறந்து கலகமும் பஞ்சமும் என்று அங்கிருந்து வந்த பிக்குகள் சொன்னார்கள். போகாமல் திரும்பிவிட்டார்.

அவருக்குச் சில பத்தாண்டுகள் பின்னால் வந்த வூ-சிங் என்ற துறவி கடாரத்தில் கப்பல் ஏறி, 30 நாளில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கை போனார்.

720-ம் ஆண்டு, பல்லவ மன்னன் ராஜசிம்மன் சீனாவுக்குத் தூது அனுப்பினான். காஞ்சியில் கைலாசநாதர் கோவில் கட்டிய மன்னன்தான். தன் யானைப் படைக்கும் குதிரைப் படைக்கும் ஒரு நல்ல பெயர் சூட்டும்படி சக்கரவர்த்தியைக் கேட்டான். பெயரும் கிடைத்தது. நற்குணத்தைப் போற்றும் படை என்பது அதன் கருத்து.

1033-ல் போன சோழத் தூதர் வெள்ளித் தட்டில் முத்துகளை ஏந்தி, மண்டியிட்டு, சக்கரவர்த்தியின் ஆசனத்தடியில் இறைத்தார். 1077-ல் குலோத்துங்க சோழன் காலத்தில் 72 பேர் போனார்கள். கொண்டுபோன பொருளுக்குப் பதிலாக 81,800 சரம் செப்புக்காசு கிடைத்தது. சீனக் காசுக்கு நடுவில் சதுர ஓட்டை இருக்கும். கயிற்றில் கோத்து, சரம் சரமாக எண்ணுவார்கள். தஞ்சை மாவட்டத்தில் அப்படிப்பட்ட சீனக் காசுகள் புதையலாகவே அகப்பட்டிருக்கின்றன. தூது என்று பெயர் இருந்தாலும் நடந்தது நல்ல வியாபாரம்!

கசப்பான குறிப்பு

இவ்வளவும் நமக்கு இனிக்கிற செய்திகள். இனிக்காத செய்தியும் சீன ஏட்டில் உண்டு.

ராஜேந்திரன் 1025-ம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து போய் ஸ்ரீவிஜயத்தை அடித்தான். அதன் மன்னனைச் சிறைப்பிடித்தான். நம் பாடப்புத்தகம் சொல்வது இது. கல்வெட்டும் இதையே சொல்கிறது.

1106-ல் பர்மா தேசத்துப் பகானிலிருந்து சீனாவுக்குத் தூதர் வந்தார்கள். சோழத் தூதருக்குச் செய்த மரியாதையே இவர்களுக்கும் போதும் என்று சக்கரவர்த்தி உத்தரவிட்டார். மந்திரிகள் குறுக்கிட்டார்கள். சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, அதனால்தான் அந்த ராஜாவுக்குச் சாதாரணக் காகிதத்தில் எழுதினோம், பகான் தனி ராஜ்ஜியம், இதற்குக் கூடுதல் மரியாதை தரவேண்டும் என்றார்கள்.

சோழன் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவனா? தலைகீழாக அல்லவா இருக்கிறது!

இங்கேதான் சாஸ்திரியின் குணம் தெரிகிறது. வேறு யாராவது இருந்தால் அந்தக் குறிப்பை மெதுவாக மறைத்திருப்பார்கள். இவர் மறைக்கவில்லை. முத்து இறைத்த கதை இருக்கும் அதே நூலில் காகிதக் கதையையும் சேர்த்தார். சீனர்கள் விஷயம் தெரியாமல் எழுதிய பிழை என்பது அவர் எண்ணம். ஆனாலும் அப்படி எழுதியிருக்கிறது என்பதை ஆசிரியர்கள் பார்க்கட்டும் என்று விட்டார்.

பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணமும் சொல்கிறார்கள். ஸ்ரீவிஜயத்து ஆட்கள் சீனாவுக்கு அடிக்கடி போய் வந்தவர்கள். சீன வியாபாரத்தில் சோழர்கள் போட்டிக்கு வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சோழநாடு சின்ன நாடு, எங்களுக்குக் கீழே இருக்கிறது என்று அரண்மனையில் அவர்களே கதை கட்டியிருக்கலாம் என்பது இவர்கள் கருத்து.

கடைத்தெருவில் இன்றும் நடப்பதுதானே இது! பையன்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

சீன ஏட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த நாட்டான் எந்தப் பொருளோடு வந்தாலும், எங்கள் சக்கரவர்த்திக்குக் கப்பம் கட்ட வந்தான் என்றே எழுதுவார்கள். நம் கல்வெட்டில் கடல் கடந்த தேசமெல்லாம் நம் அரசன் காலடியில் கிடக்கும். அவர்கள் ஏட்டில் நம் அரசன் அவர்கள் காலடியில் கிடப்பான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் நடந்தது என்ன என்று ஊகிக்க முடியும். ஒன்றை மட்டும் நடத்துவது பாதிப் பாடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடிந்த கோபுரம்

ஏட்டில் இருந்தது பிழைத்தது. மண்ணில் இருந்தது எல்லாம் பிழைக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் புதுவெளிக் கோபுரம் என்று செங்கல்லால் கட்டிய பழைய கோபுரம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதைச் சீனக் கோவில் என்று சொல்வார்கள். கடலில் வரும் மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். 1867-ல் சென்னை அரசாங்கத்தின் அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். அனுமதி கேட்டவர்கள், அங்கே கல்லூரி நடத்திய ஏசு சபைப் பாதிரிமார். அந்தக் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு இடம் மாறியது. மலைக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜோசப் கல்லூரிதான் அது.

1349-ல் வாங் தா-யுவான் என்ற சீன வியாபாரி எழுதிய நூலில், இந்தக் கரையில் இருந்த ஒரு கோபுரத்தைப் பற்றி வருகிறது. 1267-ல் வேலை முடிந்தது என்று அதில் சீன எழுத்தில் பொறித்திருந்ததாம். சீனர்கள் வந்து கட்டியது என்று ஊரார் சொன்னார்களாம். புதுவெளிக் கோபுரம் அதுதானா? அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. போய்ப் பார்த்து முடிவு கட்டக் கோபுரம் இல்லை.

குறையும் உண்டு

சாஸ்திரிக்குப் புகழ் பாடினால் மட்டும் போதாது.

அவர் சீன மொழி படித்தவர் அல்ல. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்த மொழிபெயர்ப்புகளையே நம்பினார். அவற்றில் பிழை இருந்தால் அந்தப் பிழை இவர் புத்தகத்திலும் ஏறும்.

பழந்தமிழ் இலக்கியத்துக்கும் அவர் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் துணையை நாடினார் என்று பின்னாள் ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் என்ன குறை?

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அவர் பெரிய நூல்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். 1939-ல் வந்த புத்தகத்தைக் கல்லூரி ஆசிரியர் படித்தார். லால்குடியிலும் முசிறியிலும் தமிழில் பாடம் நடத்திய ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எப்படிப் படிப்பார்? அவருடைய சோழர் சரித்திரம் பின்னாளில் தமிழில் வந்தது. ஆனால் அது வெகுநாள் கழித்து.

கீழ்த்திசை நாடுகளுக்குத் தென்னிந்தியா என்ன கொடுத்தது என்றே அவர் அதிகம் பார்த்தார். 1949-ல் அவர் எழுதிய ஒரு நூலின் பெயரே அப்படித்தான். அங்கிருந்து நாம் என்ன வாங்கினோம் என்ற கேள்வியைப் பின்வந்தவர்கள் கேட்டார்கள்.

ஓய்வுக்குப் பின்

1946-ல் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஸ்ரீவிஜய சரித்திரம் 1949-ல் வந்தது. 1952 முதல் 1955 வரை மைசூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1955-ல் தென்னிந்திய சரித்திரம் முழுவதையும் ஒரே புத்தகமாக எழுதினார். அதைப் படித்துத் தேறிய ஆசிரியர்கள் பல தலைமுறை உண்டு. 1957-ல் அரசாங்கம் பத்மபூஷண் பட்டம் அளித்தது.

அதே ஆண்டில் புது வேலை ஒன்றும் வந்தது. யுனெஸ்கோ ஆதரவில் சென்னையில் ஒரு நிலையம் ஏற்பட்டிருந்தது. தெற்கு ஆசிய, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் பழைய கலை, பழக்க வழக்கங்களை ஆராயும் நிலையம் அது. சாஸ்திரி அதன் இயக்குநர் ஆனார். கருத்தரங்கு கூட்டினார். சஞ்சிகை வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் உலகம் முழுவதுமே இந்தப் பேச்சு இருந்தது. கீழை நாட்டாரும் மேலை நாட்டாரும் ஒருவரை ஒருவர் அறியவேண்டும் என்று 1957-ல் யுனெஸ்கோ பத்தாண்டுத் திட்டம் தொடங்கியது. பாடப்புத்தகங்களைத் திருத்துவதும், ஆசிரியர்களுக்கு அயல்நாட்டுப் பண்பாட்டைக் கற்பிப்பதும் அதன் வேலைகளில் சேர்ந்தவை. சாஸ்திரி அந்த வேலையை 1939-லேயே தம்மளவில் தொடங்கிவிட்டார்.

65 வயதில் ஏற்ற அந்தப் பொறுப்பை ஏறக்குறைய 80 வயது வரை சுமந்தார். 1975-ம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

ஜப்பானியர் வந்தார்

அவர் உயிரோடு இருந்தபோதே ஒரு அதிசயம் நடந்தது. 1961-ல் நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். எதற்கு? சோழர் கல்வெட்டுப் படிக்க! தமிழ் படித்தார். கல்வெட்டு எழுத்துப் படித்தார். பிற்காலத்தில் உலகம் மதிக்கும் தமிழக சரித்திர அறிஞர் ஆனார். ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்தார். 2015-ல் காலமானார்.

சாஸ்திரி மொழிபெயர்ப்பில் படித்த சீனக் குறிப்புகளைக் கராஷிமாவும், தான்சேன் சென் என்ற அறிஞரும் மூலத்திலிருந்தே மறுபடி மொழிபெயர்த்தார்கள். சோழர் பற்றிய அந்தத் தொகுப்பு 2009-ல் வெளிவந்தது. பழைய நூலில் இருந்த சில பெயர்களும் தேதிகளும் அதில் துலங்கின.

வகுப்பில் காட்ட ஆசைப்படும் ஆசிரியர்களுக்கு இன்னும் இரண்டு கல் உண்டு.

ஒன்று சீனாவில், சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்தது. 1281-ம் ஆண்டுக் கல். சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அங்கே சிவன் கோவில் எழுப்பி, மங்கோலியச் சக்கரவர்த்தியின் உடல் நலத்துக்காகத் தமிழில் எழுதி வைத்தது. அடியில் சீன எழுத்தும் இருக்கிறது.

மற்றொன்று 1409-ம் ஆண்டுக் கல். சீனக் கப்பல் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொண்டு வந்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற பெருமாளுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமியப் பெரியவர்களுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. 1911-ல் காலி நகரத்தில் கிடைத்தது. இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தை நீங்களே உற்றுப் பார்த்தால் சில எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிடலாம்.